பெண் பார்க்க வந்த காரின் மஞ்சள் விளக்கு

புதிதாகத் தெர்மாமீட்டர் வாங்கியவனை வீட்டில் வைத்துக்கொள்ளக் கூடாது. முதல் நாள் தன் வாயில் வைத்துப் பார்ப்பான். அடுத்த நாள் அம்மா வாயில். அதற்கப்புறம் யாருக்காவது காய்ச்சல் வராதா என்று ஏங்க ஆரம்பித்துவிடுவான். கெட்டவன் இல்லை. கருவி கையில் இருக்கிறது, நோயாளி இல்லை, பாவம் என்ன செய்வான்?

என் கைக்கு வந்து சேர்ந்தது தெர்மாமீட்டர் இல்லை, கோட் ரீடர். துபாயிலிருந்து லீவில் வந்த சித்தப்பா பிள்ளை கொண்டுவந்து கொடுத்தான். அந்தக் காலத்துச் செல்போனை விடக் கொஞ்சம் பெரிசு, செங்கல் நிறம். அதிலிருந்து ஒரு ஒயர், ஒயரின் நுனியில் பட்டையாக ஒரு பிளக். புதுக் கார்களில் ஸ்டியரிங்குக்குக் கீழே, முழங்கால் இடிக்கிற இடத்தில், அந்த பிளக்குக்கு ஒரு சாக்கெட் வைத்திருப்பார்கள். செருகினால் தன் எஞ்சினுக்கு என்ன கோளாறு என்று காரே சொல்லிவிடும். வார்த்தையாக இல்லை, ஓர் எழுத்தும் நாலு எண்ணுமாக. எண்ணுக்கு என்ன அர்த்தம் என்பது கூடவே வந்த சின்னப் புத்தகத்தில் இருக்கும். அப்புறம் 'எரேஸ்' என்று ஒரு பொத்தான். அதை அமுக்கினால் காரின் ஞாபகத்திலிருந்து அந்த எண் அழிந்து, டாஷ்போர்டில் எரிகிற மஞ்சள் எஞ்சின் விளக்கும் போய்விடும்.

(விளக்குதான் போகும். கோளாறு போகாது. இதைப் புத்தகத்தின் முதல் பக்கத்திலேயே கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள். முதல் பக்கத்தை எவன் படிக்கிறான்?)

ஒரே ஒரு குறை, எங்களிடம் கார் கிடையாது. அப்பாவிடம் ஒரு ஸ்கூட்டர் இருந்தது. எங்கள் வலியசாலைத் தெருவில் கார் வைத்திருந்த இரண்டு மூன்று பேரும் வைத்திருந்தது, இந்த சாக்கெட் என்ற ஒன்று உலகத்தில் தோன்றுவதற்கு முன் பிறந்த வண்டிகள். அப்படி ஒரு வண்டிக்குள் தலையை விட்டு சாக்கெட் தேடியதில் எதையோ பிடுங்கிவிட்டேன். அதற்கப்புறம் அந்த வண்டிக்கு ஹாரன் அடிக்கவில்லை. அந்த வீட்டு மாமி தெருவில் என்னைக் கண்டால் கேட்டைச் சாத்துவார். நான் அசரவில்லை. கழக்கூட்டத்தில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில், அடுத்தவன் எழுதிய ப்ரோக்ராமில் குற்றம் கண்டுபிடிப்பதுதான் என் உத்தியோகம். இருபத்துநாலு வயசு. தெரியாதது என்று ஒன்று இருப்பதே எனக்குத் தெரியாது.

இப்படி நான் பசியோடு காத்திருந்த நேரத்தில்தான் அக்காவைப் பெண் பார்க்க வந்தார்கள்.

என் அக்கா லலிதா ஒரு இன்ஷூரன்ஸ் ஆபீஸில் கிளெய்ம் பிரிவில் இருந்தாள். கூரை எரிந்தது, லாரி கவிழ்ந்தது, மாடு செத்தது என்று வருகிறவர்களிடம் எப்போது, எங்கே, யார் பார்த்தது, சாட்சி எங்கே என்று கேட்பது அவள் வேலை. பெண் பார்க்க வந்த பையன்களிடமும் அதே குரலில்தான் கேட்டாள். வந்தவர்கள் போனார்கள். வயசு முப்பதை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. அம்மா ராத்திரி சாப்பிடுவதை நிறுத்தியிருந்தாள். அப்போதுதான் கரமனையிலிருந்து கணேஷின் ஜாதகம் வந்தது. கல்லூரியில் கணக்கு வாத்தியார். யாரோ ஒருவர் கல்யாணத்தில் அக்கா அவனைப் பார்த்துப் பேசியும் இருந்தாள். "எப்படிடீ?" என்று அம்மா கேட்டதற்கு, "பார்க்கலாம்" என்றாள்.

பார்க்கலாம்! அக்கா வாயிலிருந்து 'வேண்டாம்' தவிர வேறு சொல் வந்ததே அதுதான் முதல் தடவை. அன்று வீட்டில் பாயசம் வைத்தார்கள். இந்த இடம் தட்டிப்போனால் அம்மா பகலிலும் சாப்பிட மாட்டாள் என்பது எங்கள் எல்லாருக்கும் தெரிந்தே இருந்தது.

அது இரண்டாம் சனிக்கிழமை. ராகுகாலம் முடிந்ததும் வாசலில் ஒரு வெள்ளிநிறக் கார் வந்து நின்றது. கணேஷும் அவன் அம்மா விசாலம் மாமியும் இறங்கினார்கள். ஓட்டிக்கொண்டு வந்த ராமநாதன் மாமா, கணேஷின் அப்பா, ரிட்டயர்டு ஆபீஸர், மடிப்புக் கலையாத வேஷ்டி, கடைசியில் இறங்கினார். கதவைச் சாத்துவதற்கு முன் டாஷ்போர்டை ஒரு தரம் ஆசையோடு எட்டிப் பார்த்தார். பிறகு உள்ளே வந்தார்.

எஞ்சினை நிறுத்தவில்லை. சாவி அப்படியே தொங்க, வண்டி உறுமிக்கொண்டே நின்றது.

அப்பா முகம் வெளுத்துவிட்டது. என்னை ரேழிக்கு இழுத்துக்கொண்டு போனார்.

"எஞ்சினைக்கூட அமர்த்தலைடா சுந்து. தலையைக் காமிச்சுட்டு ஓடிடலாம்னு வந்திருக்கார். ஜாதகத்துல என்னமோ இடிச்சிருக்கு."

பத்மா அத்தை, அப்பாவின் அக்கா, அங்கேயே வந்து சேர்ந்தாள். "நானும் பார்த்தேன். உக்காந்த ஆள் உக்கார மாட்டேங்கறார். வாசலையேன்னா பார்த்துண்டிருக்கார்! கேட்டியா, இது நடக்கப்போற காரியமாத் தோணலை."

உண்மைதான். மாமா நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார். அப்பா எந்த ஊர், எந்தத் தெரு என்று விசாரித்தால் பாதியில் பதிலை நிறுத்திவிட்டுக் காதைத் தீட்டினார். வெளியே எஞ்சின் சத்தம் கொஞ்சம் மாறினால் பாதி எழுந்தார். விசாலம் மாமி அவரை ஒரு முறை முறைத்தாள். மறுபடி உட்கார்ந்தார்.

"நீ போய் வண்டிகிட்ட நில்லு. தெருவுல பசங்க யாரும் தொட்டுடப் போறா" என்று அப்பா என்னை அனுப்பினார். (யாரை எங்கே காவல் வைப்பது என்பதில் எங்கள் அப்பாவுக்கு அப்படி ஒரு கைராசி.)

போய்க் கண்ணாடி வழியாக உள்ளே பார்த்தேன். டாஷ்போர்டில், மஞ்சளாக, எஞ்சின் படம் போட்ட விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

அப்போதுதான் எல்லாம் விளங்கிவிட்டதாக நினைத்தேன். மாமாவுக்கு நம்மேல் வெறுப்பில்லை. வண்டியில் கோளாறு. நிறுத்தினால் மறுபடி ஸ்டார்ட் ஆகுமோ ஆகாதோ என்ற பயம். பாவம், வயசானவர், நல்ல நாளில் வெளியே சொல்லவும் முடியாமல் தவிக்கிறார். நான் இதைச் சரிசெய்து கொடுத்தால்? இப்படி ஒரு மச்சினன் இருக்கிற வீட்டை யார் விடுவார்கள்?

ரீடரை எடுத்துக்கொண்டு வந்தேன். புத்தகத்தில் சொன்னபடி எஞ்சினை நிறுத்தி, சாவியை மட்டும் திருப்பி வைத்து, சாக்கெட்டைத் தேடினேன். இருந்தது! பிளக்கைச் செருகினேன். திரையில் எழுந்தது: பி 0303. புத்தகத்தைப் புரட்டினேன். மூன்றாவது சிலிண்டர் சரியாகப் பற்றவில்லை. என் வாழ்க்கையின் முதல் நோயாளி! கண்ணில் நீரே வந்துவிட்டது.

கருவி கேட்டது: எரேஸ்? ஆம் என்றேன். மறுபடி கேட்டது: நிச்சயமாகவா? அத்தனை மரியாதையாக இரண்டாம் தரம் கேட்கிறதே என்று நான் சந்தேகப்பட்டிருக்க வேண்டும். ஆம் என்று அமுக்கினேன். எஞ்சினை ஒரு தரம் ஓடவிட்டுப் பார்த்து நிறுத்தினேன். விளக்கு போயே போய்விட்டது.

நான் கூடத்துக்குள் நுழைந்ததும், அக்கா பட்டுப்புடவையில் சொஜ்ஜி பஜ்ஜித் தட்டோடு சமையலறையிலிருந்து வந்ததும் ஒரே நேரம். வெளியே சத்தம் நின்றதைக் கேட்டு ராமநாதன் மாமா எழுந்து நின்றிருந்தார். நான் எல்லாப் பல்லும் தெரியச் சிரித்தபடி சொன்னேன்:

"மாமா, கவலையே படாதேங்கோ. விளக்கை அணைச்சாச்சு!"

முதலில் அலறியது அத்தை. பெண் பார்க்கும் நேரத்தில், நடுக்கூடத்தில், எவனாவது அந்த வார்த்தையைச் சொல்வானா? எங்கள் வீடுகளில் விளக்கு ஒருநாளும் அணையாது. மலையேறும். காற்றில் போனாலும் மலையேறிவிட்டது என்றுதான் சொல்ல வேண்டும்.

"வாயைக் கழுவுடா! மலையேறித்துன்னு சொல்லு! என்ன வார்த்தைடா இது, நல்ல நாளும் அதுவுமா!"

"சரி அத்தை. மாமா, உங்க வண்டி விளக்கு மலையேறியாச்சு."

மாமாவின் முகத்தில் நான் அன்று பார்த்ததை அதற்கப்புறம் எந்த முகத்திலும் பார்த்ததில்லை. வேஷ்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வாசலுக்கு ஓடினார். நாங்கள் எல்லாரும் பின்னால் ஓடினோம். காருக்குள் பாதி உடம்பை நுழைத்து டாஷ்போர்டைத் தடவித் தடவிப் பார்த்தார். ஸ்டார்ட் செய்தார். எஞ்சின் தேனாக ஓடியது. அவர் தலையில் கையை வைத்துக்கொண்டார்.

"எந்தா செஞ்சே நீ? எந்தாடா செஞ்சே?" அதிர்ச்சியில் பாதி ஊர் மொழியான மலையாளத்துக்குப் போய்விட்டார்.

விஷயத்தை விசாலம் மாமிதான் சொன்னாள். பிள்ளை முதன்முதலாக வாங்கிய வண்டி. மலை ஏறும்போது மட்டும் குலுங்கும், இந்த விளக்கு வரும். ஒரு தரம் வந்தபோது சர்வீஸ் சென்டரில் பார்த்து, ஏதோ மாற்றி, விளக்கை அழித்து அனுப்பினார்கள். மறுபடி குலுங்கியது. கொண்டுபோனால், 'விளக்கு இல்லையே, எங்கள் கம்ப்யூட்டரில் ஒன்றும் இல்லையே, சாருக்குத் தோணுவதாக இருக்கும்' என்றார்கள். அதிலிருந்து மாமா ஓய்வு கிடைத்தபோதெல்லாம் பொன்முடி மலை ஏறி இறங்குகிறார். குலுங்கும், விளக்கு வராது. இன்றோடு வாரண்டி முடிகிறது. விடியற்காலையில் இரண்டு மூட்டை அரிசியைப் பின்னால் ஏற்றிக்கொண்டு கடைசி முயற்சியாக ஏறியிருக்கிறார். பத்தாம் வளைவுக்கு மேல் விளக்கு வந்தது. நிறுத்தினால் போய்விடுமோ என்ற பயத்தில் அங்கேயிருந்து நிறுத்தாமல் ஓட்டிக்கொண்டு வந்திருக்கிறார். பெண் பார்த்துவிட்டு நேரே சர்வீஸ் சென்டர்.

"இவர் ஆறு மாசமா வண்டி வண்டின்னு உசிரை வாங்கறார். இன்னிக்கு ஒரு நாளாவது அந்தப் பேச்சை எடுக்கப்படாதுன்னு நான்தான் வாயைக் கட்டினேன்" என்றாள் மாமி.

அப்பா என்னைச் சுட்டிக்காட்டி, "இவன் எங்காத்துப் பையன்தான், ஆனா நாங்க இப்படி வளர்க்கலை" என்று யாரும் கேட்காமலே சொன்னார்.

"எனக்கு அந்த நம்பர் தெரியும் மாமா. பி 0303. நான் வந்து சொல்றேன்" என்று உளறினேன்.

"நீ சொன்னா மதியாடா, போறுமா? அவா கம்ப்யூட்டர் சொல்லணுமாக்கும்!" மாமா ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டார். "ஆறு மாசமா என்னைப் பொய்யன் மாதிரி பார்க்கறா. முப்பத்தஞ்சு வருஷம் ஆபீஸ்ல இருந்தவன் நான். அவா முன்னாடி ஒரே ஒரு தடவை எரிஞ்சாப் போறும்னு இருந்தேன்."

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டதை நான் பார்த்தேன். அதைப் பார்க்காமல் இருந்திருக்கலாம் என்று இன்றைக்கும் தோன்றுகிறது.

அப்போது அக்கா தெருவில் இறங்கி வந்தாள். கையில் பஜ்ஜித் தட்டு அப்படியே இருந்தது. பெண் பார்க்கிற நாளில் பெண் தெருவுக்கு வருவதா என்று அத்தை மறுபடி அலறப் போனாள். அக்கா தட்டை அவள் கையில் கொடுத்து அடக்கிவிட்டு, கார் ஜன்னலில் குனிந்து கிளெய்ம் குரலில் ஆரம்பித்தாள்.

"மாமா, எத்தனை மணிக்கு அவா அடைப்பா?"

"அஞ்சரை."

"காலம்பற ஏ.சி. போட்டிருந்தேளா?"

"ஆமா. எஞ்சினுக்கு பாரம் ஏறட்டும்னு."

"அரிசி மூட்டை?"

"பின்னாடி கிடக்கு."

"அப்போ இன்னும் அஞ்சு மணி நேரத்துக்கு மேல இருக்கு. வண்டியைத் திருப்புங்கோ. மலைக்குப் போலாம். பாரம்தானே வேணும்? நாங்களும் வரோம்."

மாமா தலையைத் தூக்கி அக்காவைப் பார்த்தார். அன்று காலையிலிருந்து அவர் அவளைப் பார்த்தது அப்போதுதான் முதல் தடவை.

முன்னால் மாமாவும் கணேஷும். பின்னால் அக்கா, பத்மா அத்தை, நடுவில் நான். அத்தையை அழைத்தது பெண்ணைத் தனியாக அனுப்பக் கூடாது என்பதற்காக என்று சொல்லிக்கொண்டார்கள். (எடைக்காகத்தான். அத்தைக்கும் தெரியும். அதற்காக அவள் பஜ்ஜித் தட்டைக் கீழே வைக்கவில்லை.) ரீடரை அக்கா வாங்கித் தன் கைப்பையில் போட்டுப் பூட்டிக்கொண்டாள்.

கிளம்பும் நேரத்தில் அப்பா ஒரு காரியம் செய்தார். தெருமுனைப் பிள்ளையாருக்கு ஓடிப்போய், வண்டி ஒரு தடையும் இல்லாமல் போய்வர வேண்டும் என்று ஒரு தேங்காய் உடைத்துவிட்டு வந்தார். காய் நேர்பாதியாக உடைந்ததில் அவருக்குப் பரம சந்தோஷம். யாரும் அதைப் பற்றி யோசிக்கவில்லை.

நெடுமங்காடு தாண்டி விதுராவில் மாமா எஞ்சினை அமர்த்தாமல் வண்டியை நிறுத்தினார். கணேஷ் இறங்கி, இன்னும் பாரம் ஏறட்டும் என்று ஒரு சாக்கு மரவள்ளி, எங்கள் ஊர்க் கப்பைக் கிழங்கு, வாங்கி மடியில் வைத்துக்கொண்டான். பெண் பார்க்க வந்தவன் முகத்தில் மண். அக்கா சிரித்தாள். கல்லாறு தாண்டி ஏற்றம் தொடங்கியது. ஏ.சி. முழு வேகத்தில். ஐந்து பேரும் மூச்சுவிடாமல் டாஷ்போர்டைப் பார்த்துக்கொண்டு வந்தோம். கணேஷ் கழுத்தைத் திருப்பி அக்காவிடம் ஏதோ கேட்க வாயெடுத்தான்.

"பேச்சு அப்புறம். லைட்டைப் பாரு" என்றார் மாமா.

வளைவு வளைவாக ஏறினோம். வண்டி என்ன ஓட்டம் ஓடியது தெரியுமா! குலுக்கல் இல்லை, இருமல் இல்லை. கோவில் யானை பிராகாரம் சுற்றுகிற மாதிரி நிதானமாக ஏறி உச்சியில் போய் நின்றது. விளக்கு இல்லை. மூடுபனியில் இறங்கி நின்றோம். மாமா ஒரு பாறையில் உட்கார்ந்துவிட்டார். அத்தைக்குத்தான் முதலில் பொறி தட்டியது.

"அடப் பாவி! உங்கப்பன் உடைச்ச தேங்காயாக்கும் இது! தடையே இல்லாமப் போணும்னு வேண்டினா பின்னே எப்படி நிக்கும்?"

தடையைப் போக்குகிற சாமியிடம் தடையைக் கொடு என்று எப்படிக் கேட்பது? அத்தை கன்னத்தில் போட்டுக்கொண்டாள். "இது வரைக்கும் யாரும் இப்படிக் கேட்டிருக்க மாட்டா. தப்பாயிடுமோன்னு பயமா இருக்கு."

கணேஷ் மெதுவாகச் சொன்னான். "தடையை வைக்கறதும் அவர்தான், எடுக்கறதும் அவர்தான்னு சொல்வா அத்தை. கேட்டுப் பார்க்கலாம். சாரமில்லை, ஒண்ணும் ஆகாது." பெயரிலேயே பிள்ளையாரை வைத்திருக்கிறவன் சொல்கிறானே என்று அத்தைக்குத் தைரியம் வந்தது. கண்ணை மூடி, வண்டி ரிப்பேராகி விளக்கெரிந்தால் நூற்றெட்டுக் காய் உடைப்பதாக வேண்டிக்கொண்டாள்.

அக்காவும் கணேஷும் கொஞ்ச தூரம் நடந்துபோய்ப் பனிக்குள் நின்று பேசினார்கள். நான் போகவில்லை. போனால் அதையும் எரேஸ் செய்துவிடுவேன் என்று மாமா என் சட்டையைப் பிடித்து உட்கார வைத்திருந்தார்.

"விட்டுடலாம்மா" என்றார் மாமா, அவர்கள் திரும்பி வந்ததும். "உன் பட்டுப்புடவையெல்லாம் கசங்கறது."

"இன்னொரு தடவை மாமா. இறங்கி மறுபடி ஏறலாம். புடவை கசங்கினா தேய்ச்சுக்கலாம்."

கல்லாற்றில் திரும்புவதற்காக ஒரு பெட்டிக்கடை ஓரம் வண்டியை ஒடித்தபோது, எஞ்சின் சூட்டைக் கண்ட கடைக்காரர் நல்ல மனசோடு ஒரு வாளித் தண்ணீரைத் தூக்கிக்கொண்டு வந்தார். "பானட்டில் ஒழிக்காம் சாரே, நல்ல சூடுண்டு" என்று ஊற்றப் போனார்.

"தொடாதே!" என்று நாங்கள் ஐந்து பேரும் ஒரே குரலில் கத்தினோம். அந்த மனிதர் வாளியோடு பின்னால் நடந்தே கடைக்குள் போய்விட்டார்.

மறுபடி ஏற்றம். ஐந்தாம் வளைவு. எட்டாம் வளைவு. பத்தாம் வளைவு தாண்டி ஒரு செங்குத்தில் மாமா மிதித்தபோது, அடியில் யாரோ உலுக்கியது போல வண்டி ஒரு குலுங்கு குலுங்கியது. இன்னொன்று. விளக்கு மினுக்கியது. போனது. மறுபடி மினுக்கியது. அத்தை என் தொடையைக் கிள்ளியபடி, "ஸ்வாமி, ஸ்வாமி" என்றாள். பிறகு அது எரிந்தது. நின்று எரிந்தது.

அந்த நிமிஷத்தில் எங்களிடமிருந்து கிளம்பிய சத்தத்துக்கு மலையில் குரங்குகள் மரம் மாறின. மாமா ஸ்டியரிங்கில் தாளம் போட்டார். எதிரே வந்த பஸ்ஸில் இருந்தவர்கள், நடு ஏற்றத்தில் குலுங்கிக் குலுங்கி நிற்கிற காருக்குள் கப்பைக் கிழங்கை அணைத்துக்கொண்டு ஒருவன் அழுவதையும், பட்டுப்புடவைக்காரி கைதட்டுவதையும் எட்டிப் பார்த்துக்கொண்டே போனார்கள்.

"மலையேறித்துன்னா போச்சுன்னுதான் இத்தனை நாள் நினைச்சிண்டிருந்தேன்" என்றாள் அத்தை. "இது மலையேறினாத்தான் எரியறது!"

ஆனால் கண்டம் இன்னும் முடியவில்லை. நெடுமங்காடு வருவதற்குள் பெட்ரோல் முள் அடியில் ஒட்டிவிட்டது. பங்கில் நுழைந்ததும், "எஞ்சின் ஓஃப் ஆக்கணும் சாரே. இல்லெங்கில் அடிக்கில்லா" என்று பெட்ரோல் போடுகிறவர் கறாராகச் சொல்லிவிட்டார். (நிறுத்தினாலும் அது உடனே அழியாது என்று எனக்குத் தெரியும். ஆனால் அன்று நான் வாயைத் திறந்திருந்தால் அந்தக் குழாயை என் வாயில் வைத்திருப்பார்கள்.) மாமா கண்ணை மூடிக்கொண்டு நிறுத்தினார். பெட்ரோல் போட்டார்கள். சாவியைத் திருப்பினார். எல்லா விளக்கும் ஒன்றாக எரிந்தது. எஞ்சின் கிளம்பியதும் ஒவ்வொன்றாகப் போயிற்று. எண்ணெய் விளக்கு போயிற்று, பாட்டரி விளக்கு போயிற்று, மஞ்சள் விளக்கு மட்டும் போகவில்லை. மாமா அதைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

சர்வீஸ் சென்டரில் ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. "அடைக்கான் போகயாணு சாரே" என்று சூப்பர்வைசர் சொல்லும்போதே மாமா வண்டியை உள்ளே விட்டுவிட்டார். கதவைத் திறந்து டாஷ்போர்டைக் காட்டினார்.

சூப்பர்வைசர் தன் பெரிய கருவியைச் செருகினார். திரை யோசித்தது. "பி 0303" என்று நான் முணுமுணுத்தேன். திரையிலும் அதுவே வந்தது. அவர் என்னை ஆச்சரியமாகத் திரும்பிப் பார்த்தார்.

"அவனை இங்கேருந்து தள்ளி நிறுத்துங்கோ" என்றார் மாமா.

வாரண்டியில் எது எது வரும், வராது என்று சூப்பர்வைசர் இழுக்க ஆரம்பித்தார். அக்கா முன்னால் வந்தாள். கசங்கிய பட்டுப்புடவை, கலைந்த தலைப்பூ. அழகான மலையாளத்தில், குரலை உயர்த்தாமல், ஒவ்வொரு கேள்வியாகக் கேட்டாள். ஐந்தாவது கேள்வியில் அவர் "மாற்றித் தராம், மேடம், முழுவனும் மாற்றித் தராம்" என்று கையெடுத்துக் கும்பிட்டுவிட்டார். பிறகு மாமாவிடம், "சாரின்றெ மோளாணோ?" என்று கேட்டார்.

"மகளல்ல" என்றார் மாமா, நெஞ்சை நிமிர்த்தி. "மருமகளாணு."

அத்தை கையிலிருந்து காலித் தட்டு விழுந்து உருண்டு போயிற்று.

"என்னது? இன்னும் யாரும் யாரையும் ஒண்ணும் கேக்கலையே!" என்றாள்.

"மலை மேல வச்சு நான் கேட்டேன், அத்தை" என்றான் கணேஷ், சாக்கை இறக்கி வைக்காமலே. "முதல்ல லைட் எரியட்டும், அப்புறம் சொல்றேன்னா."

எல்லாரும் அக்காவைப் பார்த்தோம். அவள் என்னைப் பார்த்தாள்.

"எரிஞ்சுதே!" என்றாள்.

நான்தான் அழுதேன். வேறு யாருக்கும் அதற்கு நேரமில்லை. அத்தைக்கு நூற்றெட்டுத் தேங்காய்க் கவலை வந்துவிட்டது.

கல்யாணத்தன்று எல்லாம் நன்றாக நடந்தது. பொரியிடும் நேரம் வந்தது. பெண்ணின் உடன்பிறந்தவன்தான் அவள் கையில் பொரி இட வேண்டும், அவள் அதை அக்னியில் சேர்ப்பாள். புது வேஷ்டி கட்டிக்கொண்டு ஹோமகுண்டத்தின் அருகே போய் உட்கார்ந்தேன். ஊரே பார்த்துக்கொண்டிருந்தது. நான் கையை நீட்டியதுதான் தாமதம், பின்னாலிருந்து ஒரு கை என் மணிக்கட்டைக் கெட்டியாகப் பிடித்தது. ராமநாதன் மாமா.

"பொரியை மட்டும் போடு" என்றார், மண்டபம் முழுக்கக் கேட்கிற குரலில். "அது நன்னா எரியறதாக்கும். நீ ஒண்ணும் சரி பண்ண வேண்டாம்."

சாஸ்திரிகள் மந்திரத்தை நிறுத்திவிட்டுச் சிரித்தார். மாமாவுக்கு இப்போது எண்பது தாண்டிவிட்டது. ரீடர் இன்னும் அக்காவின் பீரோவில் பூட்டிக் கிடக்கிறது, தர மாட்டேன் என்கிறாள். நான் கரமனை வீட்டுப் படியேறினால் மாமா யார் வந்திருப்பது என்று எட்டிப் பார்ப்பார். பார்த்துவிட்டு உள்ளே திரும்பிக் குரல் கொடுப்பார்: "லலிதா, சுந்து வந்திருக்கான். ஸ்வாமி விளக்குகிட்ட யாராவது நில்லுங்கோ."